வாத்தியாரை வாட்டுவது எது?

மாலை மணி நாலேகால். கடைசி மணி அடித்தாகி விட்டது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு சிட்டாகப் பறந்து விட்டார்கள். பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு வேப்பமரமும் சமையல் கொட்டகையில் காயவைத்த பாத்திரங்களும்தான் பாக்கி.

உள்ளே ஆசிரியை ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். மேஜை நிறையப் பதிவேடுகள். கையில் செல்போன். அதை ஜன்னல் ஓரம் கொண்டு போகிறார். வாசலுக்குக் கொண்டு போகிறார். தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறார். சிக்னல் கிடைக்கவில்லை. அன்றைய கணக்கை அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால், "ஏன் அனுப்பவில்லை?" என்று மறுநாள் காலையில் கேள்வி வரும்.

பஸ்சுக்கு நேரமாகிறது. இதை விட்டால் அடுத்த பஸ் எப்போதோ! வீட்டில் அவருடைய குழந்தை வாசலைப் பார்த்தபடி நிற்கும்.

காலையிலிருந்து அவர் எத்தனை பாடம் நடத்தினார்? விரல் விட்டு எண்ணி விடலாம். எத்தனை வேலை செய்தார்? அதை எண்ண விரல் போதாது.

இந்த ஆசிரியைக்குப் பெயர் வேண்டாம். தமிழ்நாட்டின் எந்த ஒன்றியத்துக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். ரிஷிவந்தியம் ஒன்றியத்திலும் பார்க்கலாம்.

கரும்புக் காட்டு ஊர்

ரிஷிவந்தியம் பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போயிற்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தபோது அதில் சேர்ந்தது. அர்த்தநாரீசுவரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். ஊராட்சி ஒன்றியத்துக்கு இதுதான் பெயர். சட்டசபைத் தொகுதிக்கும் இதுதான் பெயர்.

சுற்றிலும் கரும்பு, நெல், மக்காச்சோளம். மேற்கே கல்வராயன் மலை. மழை பொய்த்தால் வெளியூர் வேலைக்குப் போகிற குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து என்றால் வாத்தியார்தான். அவரை விட்டால் வேறு யாரும் இல்லை.

அதனால்தான் ஆசிரியரின் மனம் களைத்துப் போவது இங்கே அவருடைய சொந்தக் கவலையாக நின்று விடுவதில்லை. வாத்தியார் சோர்ந்தால் அந்தப் பிள்ளையின் படிப்பும் சோர்ந்து விடுகிறது.

இரண்டு பேர், ஐந்து வகுப்பு

இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள். 90 வரை 3 பேர். 120 வரை 4 பேர் என்று அந்தச் சட்டம் கணக்குப் போட்டிருக்கிறது.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. பிள்ளைகள் நாற்பது பேர்தான். ஆனாலும் வகுப்பு ஐந்து! அகரம் எழுதும் குழந்தையும், பின்னக் கணக்குப் போடும் பையனும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பாடம் நடக்கும்போது மறுபக்கம் கூச்சல். அங்கே போய் அடக்கினால் இங்கே நூல் அறுந்து விடுகிறது.

இரண்டு பேரில் ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போனால்? பிரசவ விடுமுறையில் போனால்? காய்ச்சல் என்று படுத்தால்? ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்!

காய்ச்சலோடு பள்ளிக்கு வரும் ஆசிரியர்கள் உண்டு. கடமை உணர்ச்சி ஒரு காரணம். தாம் வராவிட்டால் கூட வேலை செய்பவர் தவித்துப் போவார் என்ற இரக்கம் இன்னொரு காரணம்.

சோறும் கணக்கும்

ஏழைப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் பல திட்டங்களைக் கொண்டு வந்திருக்கிறது. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தது. பாடநூல், நோட்டு, சீருடை, காலணி, பை எல்லாம் இலவசம்.

இவற்றில் எதையும் வேண்டாம் என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார். பசித்த வயிற்றோடு வந்த பிள்ளை, சாப்பிட்ட பிறகு எப்படிப் பாடம் கேட்கிறது என்பதைப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

ஆனால் ஒவ்வொரு திட்டத்தோடும் ஒரு கணக்கு வருகிறது. இன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை செருப்பு வந்தது, எந்த அளவு பொருந்தவில்லை, யாருக்கு ஆதார் எண் இல்லை, எந்தப் பிள்ளைக்கு வங்கிக் கணக்குத் திறக்கவில்லை என்று கேள்விகள் நீள்கின்றன. காகிதத்தில் ஒரு தடவை எழுத வேண்டும். எமிஸ் என்னும் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒரு தடவை ஏற்ற வேண்டும். "அவசரம், உடனே அனுப்புக" என்று செல்போனில் செய்தி வந்தால் மூன்றாம் தடவையும் கொடுக்க வேண்டும்.

எழுத்தர் இல்லாத சிறு பள்ளிகளில் இதையெல்லாம் செய்வது யார்? தலைமை ஆசிரியர்தான். அவரும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்தான். எமிஸ் வேலையிலிருந்து தங்களை விடுவிக்க வேண்டும் என்பது ஆசிரியர் சங்கங்களின் நீண்டநாள் கோரிக்கை.

ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் பாதி எழுதும்போது போன் அலறுகிறது. மீதிப் பாதியை எழுதத் திரும்பும்போது, பிள்ளைகளின் கவனம் வேப்பமரத்துக் காக்கையிடம் போயிருக்கிறது. இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தடவை! மனிதனைக் களைக்க வைப்பது இந்த வெட்டி வெட்டி ஒட்டுகிற வேலைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர, கல்விக்குச் சம்பந்தமில்லாத வேறு எந்த வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது. வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்றும் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. பாடம் நடத்தத் தயார் செய்யும் நேரமும் அந்த 45-க்குள் அடக்கம்!

தேர்தல் வேலை பற்றி 2007 டிசம்பரிலேயே சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தம், தேர்தல் பணி ஆகியவற்றை விடுமுறை நாட்களிலும் பாடமில்லாத நாட்களிலும் ஆசிரியர்களிடம் ஒப்படைக்கலாம். பாட நேரத்தில் சாதாரணமாக அவர்களை இழுக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

நடந்தது என்ன? 2025 நவம்பர் 4-ந் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் போய்ப் படிவம் கொடுக்க வேண்டும். திரும்ப வாங்க வேண்டும். செல்போனில் ஏற்ற வேண்டும். ஆசிரியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம உதவியாளர்கள் என்று பலரும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக இந்த வேலையில் இறங்கினார்கள். முதலில் ஒரு மாதக் கெடு; பிறகு டிசம்பர் 14 வரை நீட்டித்தார்கள்.

அந்த நவம்பரில் நாட்டின் பல பாகங்களிலிருந்து இந்தப் பணியாளர்களின் மரணச் செய்திகள் வந்தன. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் ஒரு பெண் ஊழியர் உயிரை மாய்த்துக் கொண்டார். வேலைப் பளுதான் காரணம் என்று உறவினர்கள் சொன்னார்கள். அவர் ஆசிரியை அல்ல. ஆனால் ஆசிரியர்கள் சுமந்த அதே வேலை, அதே கெடு, அதே செல்போன்.

டிசம்பர் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு குறுக்கிட்டது. கூடுதல் ஊழியர்களைக் கொடுத்து வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும். தக்க காரணம் சொல்லி விலக்குக் கேட்பவர்களுக்குப் பதிலாக மாற்று ஆள் போட வேண்டும் என்று மாநில அரசாங்கங்களுக்கு உத்தரவிட்டது.

இந்த உத்தரவு வருவதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம். ஓர் ஊழியர் தம் மேலதிகாரியிடம், "ஐயா, என்னால் முடியவில்லை" என்று சொல்ல முடிந்திருந்தால் போதுமே!

ஐம்பது வயதில் பரீட்சை

2025-ல் ஆசிரியர்களின் தூக்கத்தைக் கெடுத்த இன்னொரு விஷயம் உண்டு. அது செப்டம்பர் 1-ந் தேதி வந்த சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களில், ஓய்வு பெற 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் வேலையில் நீடிக்க முடியாது என்று அந்தத் தீர்ப்புக் கூறியது. 5 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் ஓய்வு வரை நீடிக்கலாம். ஆனால் தேர்வில் தேறாமல் பதவி உயர்வு கிடையாது.

தகுதி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தேர்வே பிறக்காத காலத்தில், அன்றைய விதிப்படி தேறி வேலைக்கு வந்தவர்களின் மனநிலையைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவர், ஐம்பது வயதில் தாமே பரீட்சைக்கு உட்கார வேண்டும். 150 மார்க்குக்கு 90 மார்க் பொதுவான தேர்ச்சி. தமிழ்நாட்டில் 2012 ஜூலை 12-ந் தேதி முதல் தடவையாக இந்தத் தேர்வு நடந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். அந்த எண்ணிக்கையை இன்றும் யாரும் மறக்கவில்லை.

பகலில் ஐந்து வகுப்பு, மாலையில் கணக்கு, இரவில் பரீட்சைப் படிப்பு. தூக்கம் எங்கிருந்து வரும்?

ஒரே அறை, இரண்டு சம்பளம்

பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் இரண்டு இடைநிலை ஆசிரியர்கள். ஒரே படிப்பு, ஒரே வேலை. 2009 மே 31-க்கு முன் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அடுத்த நாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். ஒரு நாள் வித்தியாசத்தில் விழுந்த இந்தக் கோட்டை அழிக்கும்படி ஆசிரியர்கள் பல தடவை போராடியிருக்கிறார்கள்.

ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர்கள் நிலை இன்னும் பரிதாபம். 2012-ல் 16,549 பேரை 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, 2023-ல் வந்த அறிவிப்பின்படி அது 12,500 ஆயிற்று. கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மே மாதச் சம்பளம் இல்லாமல் பல வருஷம் இருந்த இவர்களுக்கோ அது திண்டாட்டமாக இருந்தது.

சத்துணவு ஊழியர்களையும் மறப்பதற்கில்லை. காலி இடங்கள் நிரம்பாததால் ஒரே அமைப்பாளர் இரண்டு, மூன்று மையங்களைப் பார்த்துக் கொள்வது சகஜம். இங்கே முட்டையை எண்ணிவிட்டு, அங்கே அரிசியை அளக்க ஓட வேண்டும். ஒரு பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் முதல் விரல் இவர்களை நோக்கித்தான் நீளும். அந்தப் பயத்தோடுதான் தினமும் உலை வைக்கிறார்கள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை வட்டாரத்துக்குப் போனால் வேறொரு காட்சி. அங்கே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பகலில் ஆசிரியராக இருப்பவர், இரவில் விடுதிக் காப்பாளர் பொறுப்பையும் ஏற்க வேண்டி வருகிறது. பாடம் முடிந்தாலும் வேலை முடிவதில்லை. இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், மலைப்பாதையில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியவரும் அவரே.

உடம்பு சொல்லும் சேதி

மனத்தின் பாரத்தை உடம்பு முதலில் சொல்லிவிடும் என்கிறார்கள் டாக்டர்கள். தொண்டை கட்டுகிறது. கால் நரம்பு புடைக்கிறது. தலைவலி, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை. கழிப்பிட வசதி சரியில்லாத பள்ளிகளில், ஆசிரியைகள் நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பதையே குறைத்து விடுகிறார்கள். அதனால் வரும் நீர்க்கடுப்பு வேறு.

அடுத்தது மனம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்த நிலைமையை வேலையால் வரும் ஒரு பாதிப்பாக வரையறுத்தது. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தியெல்லாம் வற்றிப் போன களைப்பு, செய்யும் வேலையின் மேல் வெறுப்பு அல்லது ஒட்டாத தன்மை, "நான் எதற்கும் உதவ மாட்டேன்" என்ற நினைப்பு.

இரண்டாவது அடையாளத்தில்தான் ஆபத்து இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கே தேடிப் போன ஆசிரியர், இப்போது வருகைப் பதிவில் ஒரு குறி போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார். அவருக்கு ஈரம் வற்றிப் போய்விட்டது என்று ஊர் பேசும். உண்மையில் வற்றியது அவருடைய பலம்.

வெளிநாட்டிலும் இதே கதை

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. ஜப்பானில் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்குச் சுமார் 56 மணி நேரம் உழைக்கிறார்கள் என்று 2018-ல் நடந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று கண்டது. ஆய்வில் கலந்துகொண்ட நாடுகளின் சராசரி 38 மணிதான். அங்கே 1971-ல் போட்ட சட்டப்படி, எத்தனை மணி நேரம் கூடுதலாக உழைத்தாலும் சம்பளத்தில் 4 சதவீதம்தான் அதிகம் கிடைத்து வந்தது. 2025-ல் சட்டத்தைத் திருத்தி, படிப்படியாக 10 சதவீதமாக உயர்த்த முடிவு செய்தார்கள்.

இங்கிலாந்தில் ரெடிங் என்னும் நகரில் ஒரு பெண் தலைமை ஆசிரியர் 2023 ஜனவரியில் உயிரை மாய்த்துக் கொண்டார். அவருடைய பள்ளியைப் பார்வையிட்ட அதிகாரிகள், "போதாது" என்று ஒற்றைச் சொல்லில் மதிப்பிட்டிருந்தார்கள். அவருடைய மரணத்தில் அந்தப் பார்வையிடலுக்கும் பங்கு உண்டு என்று விசாரணை அதிகாரி அந்த ஆண்டு டிசம்பரில் முடிவு சொன்னார். 2024 செப்டம்பரில் அந்த ஒற்றைச் சொல் மதிப்பீட்டையே அரசாங்கம் கைவிட்டது.

பரிகாரம் உண்டா?

உண்டு. அறுபது வருஷத்துக்கு முன்பே எழுதியும் வைத்து விட்டார்கள். 1966 அக்டோபர் 5-ந் தேதி, பாரிஸ் நகரில் ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரை ஒன்றைப் பல நாட்டு அரசாங்கங்கள் கூடி ஏற்றன. அந்தத் தேதியைத்தான் உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆசிரியரின் நேரமும் சக்தியும் வீணாகாமல் இருக்க, பாடமல்லாத வேலைகளுக்குத் துணை ஊழியர்களைக் கொடுக்க வேண்டும் என்பது அதில் சொன்ன யோசனைகளில் ஒன்று.

நாலைந்து சிறு பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் எழுத்தர் இருந்தால் போதும். கணக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும். ஒரு தகவலை ஒரே தடவை கேட்டால் போதும். மூன்று தடவை எழுத வேண்டியதில்லை. பயிற்சி நாட்களில் ஒன்றியத்துக்கு இரண்டொரு மாற்று ஆசிரியர்கள் இருந்தால், ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழாது. பள்ளி முடிந்த பிறகு அவசரமில்லாத செய்தி அனுப்புவதில்லை என்று அதிகாரிகள் முடிவெடுக்கக் காலணாச் செலவு கிடையாது!

ஊராருக்கும் பங்கு உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை. "எங்கள் பிள்ளைக்கு என்ன மார்க்?" என்று கேட்பதோடு, "வாத்தியாருக்கு என்ன குறை?" என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

ஆசிரியர்களும் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். முடியவில்லை என்று வாய் திறந்து சொல்வது கோழைத்தனம் ஆகாது. கூட வேலை செய்பவரிடம் சொல்லலாம், வீட்டில் சொல்லலாம். யாரிடமும் சொல்ல முடியாத ராத்திரியில் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அந்த மனநல உதவி நாடு முழுவதற்கும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த பாரமும் தயாராக இருக்கிறது. 2027 பிப்ரவரி மாதத்துக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று தேதி குறித்தாகி விட்டது. வீட்டுக் கதவைத் தட்டப் போகிறவர்களில் பலர் ஆசிரியர்கள்தான். அந்த வேலையைச் சட்டமே அனுமதிக்கிறது; நாட்டுக்கும் அது வேண்டும். அவர்கள் வெளியே போகும்போது வகுப்பை யார் பார்ப்பது என்பதை மட்டும் முன்னாலேயே தீர்மானித்து விட்டால் புண்ணியம்.

ரிஷிவந்தியத்துப் பக்கம் அந்த ஆசிரியைக்கு ஒருவழியாகச் சிக்னல் கிடைத்து விட்டது. கணக்கு போய்ச் சேர்ந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு பஸ்சுக்கு ஓடுகிறார்.

நாளைக் காலையில் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று புத்தகத்தை நீட்டும். "டீச்சர், நேத்து இதை நானே படிச்சேன், கேக்கறீங்களா?" என்று கேட்கும். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி வருகிறார்.

உட்கார்ந்து அதைக் கேட்க அவருக்குப் பத்து நிமிஷம் வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தை அவரிடம் திருப்பிக் கொடுப்பது யார்?